தண்ணீர் மாதிரி

பாட்டிலில் ஒட்டிய சீட்டில்
'தண்ணீர் மாதிரி' என்று எழுதினேன்.
ஜீப் ஓட்டும் மாதையன் எட்டிப் பார்த்து,
"மாதிரின்னா, அப்போ தண்ணி இல்லீங்களா?" என்றார்.
பாலக்கோடு தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு இல்லை.

சாலைக்கு மேற்கே பூதிக்கொட்டாய்,
கிழக்கே கெம்பன்கொட்டாய்.
இங்கே பன்னிரண்டு போர், அங்கே பன்னிரண்டு.
கடைசி வீட்டில் ஏழாம் வகுப்பு ருத்ரா
"வெயிலா இருக்கு, நீங்க வண்டியிலயே இருங்க" என்று
பாட்டிலை வாங்கிப்போய் நிரப்பிக்கொடுத்தாள்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
மேற்கே எவரும் பொத்தவில்லை.
அதை எழுத எக்ஸெல்லில் கட்டம் இல்லை.

திரும்பும்போது வேகத்தடையில் ஒரு மூடி கழன்று
காகிதத்தில் சுற்றிய எலுமிச்சைச் சாதம் நனைந்தது.
பசி. சாப்பிட்டுவிட்டேன்.
மேற்கில் பதினொன்று.

இரண்டு ஊரும் ஒன்றே என்று முதலில் நம்ப வேண்டும்,
கணக்கு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.
நம்பினேன்.
மேற்கின் சராசரி ஒன்று புள்ளி எட்டு,
கிழக்கு இரண்டு புள்ளி நான்கு.
வித்தியாசமே இல்லாத இரண்டு ஊர்களிலும்
சும்மா, தற்செயலாய்,
இவ்வளவு இடைவெளியோ இன்னும் கூடுதலாகவோ
விழுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு எட்டு.
ஐந்துக்குள் என்றால் துணிந்து எழுதலாம்.
எட்டுக்கு இப்படி எழுதினேன்:
'வித்தியாசம் இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை.'
தணிகாசலம் சார் சிவப்பு மையால் சுருக்கினார்:
'வித்தியாசம் இல்லை.'
நான்கு சொற்கள்தான் போயின.
அவற்றைத் தேடி ராத்திரி பதினொரு மணிவரை
ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆழங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்.
இருபத்துமூன்று புள்ளிகள்,
முறத்திலிருந்து சிந்திய கேழ்வரகு மாதிரி.
ஊடே ஒரு கோடு:
நூறடி இறங்க இறங்கப் பூச்சியம் புள்ளி மூன்று ஏறும்.
கிழக்கின் போர்கள் இருநூறடி கூடுதல் ஆழம்.
தக்காளித் தோட்டங்கள் உறிஞ்சி உறிஞ்சித்
தண்ணீரைக் கீழே துரத்தியிருந்தன.
அப்படியென்றால் ஊர் இல்லை, ஆழம்.
சார் சொன்னது ஒருவகையில் சரி என்பது
எனக்குப் பிடிக்கவில்லை.

கோட்டின் இடது நுனி, ஆழமே இல்லாத இடத்தில்,
மழைக்கும் கொஞ்சம் ஃப்ளோரைடு சொல்கிறது.
மறுக்க மழை வந்தபாடில்லை.
வலது நுனி தொள்ளாயிரம் அடி.
அதற்கப்பால் இழுக்காதே என்பது பாடம்.
நான் இழுக்கவில்லை.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி போன வாரமே
ஆயிரத்து நூறுக்கு இறங்கிவிட்டது.

ஒரு புள்ளி மட்டும் தனியே கீழே கிடந்தது.
கிழக்கு, எண்ணூறடி, வெறும் பூச்சியம் புள்ளி ஆறு.
கோட்டுக்கும் அதற்கும் இடையிலான தூரத்துக்குப்
பெயர் எச்சம்.
இலக்கணத்திலும் எச்சம் உண்டு, முடியாத வினை:
வந்த, குடித்த, சிரித்த.
ஜீப் கண்ணாடியைத் துடைக்கும் மாதையனுக்கு
எச்சம் என்றால் காக்கை.
"எடுத்துடும்மா, கோடு நல்லா வரும்" என்றார் சார்.

எடுக்கவில்லை. சீட்டைப் பார்த்தேன்.
கடைசி வீடு.

"அது ஒகேனக்கல் தண்ணிக்கா" என்றாள் ருத்ரா,
ஏதோ களவு பிடிபட்டதுபோல்.
"வாரத்துக்கு ரெண்டு குடம்தான் வரும்.
வந்தவங்களுக்குப் போய்
போர் தண்ணியை எப்படிக் குடுக்கறது?"

இந்த முறை நானே மோட்டார் போட்டுப் பிடித்தேன்.
மூன்று புள்ளி ஒன்று.
கிழக்கின் சராசரி ஏறியது,
நூற்றுக்கு எட்டு ஒன்றாகச் சுருங்கியது,
சாரிடம் புதிய அறிக்கை போயிருக்கிறது.

பழைய பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சம்.
எந்த ஊரின் மாதிரி என்று எழுதுவது?
சீட்டைக் கிழித்துவிட்டு
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
கொட்டவும் மனமில்லை,
குடிக்கவும்.