மண்டியும் தெளிவும்

திருநெல்வேலி, இரவு பதினொன்று பத்து.
கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி இருமி எழும்ப
சுழலி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.
ஐஸ் பெட்டிக்கு அருகே குந்தியிருக்கிறேன்.
நாலு குழாயிலும் நான் செய்த கொழுப்புக் குமிழிகள்,
வெளிச்சத்துக்குப் பிடித்தால்
அரிசி கழுவின தண்ணி மாதிரி ஒரு கலங்கல்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த வருஷம்
எங்கள் வளவுக்கும் பவுசரில்தான் தண்ணி வந்தது.
பழைய வாளியின் விளிம்பில் வானவில் ஒட்டியிருக்கும்.
சவுக்காரம் போட்டு உரஞ்சின அன்றைக்கே
எனக்கு விளங்கியிருக்கவேண்டும்,
எண்ணெய் தானாக விலகுவதில்லை.
தண்ணிதான் கைகோத்துக்கொண்டு
அதை வெளியே தள்ளுகிறது.

இந்தத் துணைநொதியமும் அப்படித் தள்ளப்பட்டதுதான்.
சின்னத் தலை, பத்துக் கண்ணி வால்.
இழைமணியின் உள்மென்சவ்வில்
இரண்டு அடுக்குக்கும் நடுவே புதைந்து கிடக்கிறது,
வேலை முடியாமல்.
தலையில் இன்னும் ஓர் ஒட்சிசன் ஏறவேண்டும்.
ஏற்றிவிட வேண்டிய நொதியமோ
வெளியே, தண்ணியில்.

எப்படித்தான் எடுக்கிறது?

கலியாணம் கட்டி வேலணைக்குப் போனபிறகு
தினமும் பண்ணைப் பாலத்தால் வருகிறேன்.
பஸ் மெதுவாகிற இடத்தில் ஒருவர்
இடுப்பளவு கடலில் நின்று
காலால் சேற்றைத் தடவுவார்.
கண் எங்கேயோ மேகத்தில்.
கால்விரல் மட்டும் எதையோ வாசிக்கும்.

நொதியத்துக்கும் ஒரு கால் உண்டு.
ஒரு சுருள். ஒரு முகம் தண்ணிக்கு, மறுமுகம் எண்ணெய்க்கு.
இரட்டை முகம் என்று ஆட்களை ஏசுகிறோம்.
இது அந்த இரண்டு முகத்தோடும்
சவ்வின்மேல் குப்புறப் படுக்கிறது.
படுத்த இடம் குழிகிறது,
அடுக்குக் கொஞ்சம் குலைகிறது,
அந்த நெளிவில்
வால் வழுகி மேலேறுகிறது.
இவ்வளவும் நான் நினைப்பது.
குழாய் என்ன நினைக்குதோ.

நாலாவது குழாயில் இருப்பது
ஆனைக்கோட்டைப் பிள்ளையின் நொதியம்.
நாலு வயது, பெயரை எழுதமாட்டேன்.
நடந்து திரிந்தவள், இப்போது சுவர் பிடிக்கிறாள்.
அவளுடைய எழுத்தில் ஒன்று மாறி
அந்தச் சுருளின் எண்ணெய்ப் பக்கத்தில்
தண்ணி விரும்பி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.
மற்றதெல்லாம் சரி. மடிப்புச் சரி, கூட்டுச் சரி.

விடிய இரண்டரைக்கு ஜெல்லைக் கழுவி எடுத்தோம்.
"மண்டியிலயா, தெளிவிலயா?" என்றான் ஜெயநேசன்,
கொட்டாவியோடு.
மூன்றும் மண்டியில். சவ்வைப் பிடித்தபடி
அடியில் போய்ச் சேர்ந்த மூன்று நீலக் கோடுகள்.
நாலாவது தெளிவில்.
முழுக்கத் தெளிவில்.
அந்தச் சொல்லை அதற்கு முன் நான் வெறுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி நடையில்
தாய் மஞ்சள் மருந்துத்தூளைக் காட்டிக் கேட்டாள்,
"இதைத் தண்ணியில கரைச்சோ, எண்ணெயில கலந்தோ குடுக்கிறது?"

எண்ணெயில் என்றேன். நல்லெண்ணெய், ஒரு கரண்டி.
பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதற்குள்
கரண்டி பெரிசோ சின்னனோ என்றாள்.