காற்றுக்கு மறைவாக ஓர் இடம்

காரேஜை விற்ற அன்று மாலை
த்ரியெஸ்தே நகரத்தை மூன்று முறை சுற்றினோம்.
நோட்டரியின் மை இன்னும் விரலில் ஈரமாக இருப்பதுபோல
ஸ்டீயரிங்கை நுனிவிரலால் பிடித்திருந்தான் துல்லியோ.

கூரைச் செலவில் எங்கள் பங்கு, லிஃப்ட் செலவில் எங்கள் பங்கு.
வேறு வழியில்லை.
வாங்கியவன் மின்சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன்,
நல்ல பிள்ளை.
"இனி காரை எங்கே விடுவீர்கள்?" என்று
மரியாதைக்குத்தான் கேட்டான்.
துல்லியோ மேசையிலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தபடி இருந்தான்.

லான்சியா ஆப்பியா. அறுபத்தொன்றில் பிறந்தது.
சாம்பல் நிறம். நடுத்தூண் கிடையாது,
முன்கதவும் பின்கதவும் ஒன்றுக்கொன்று
முகம் திருப்பிக்கொண்டு திறக்கும்.
நேற்றுவரை மழை எப்படி இருக்குமென்று
பயணத்தில் மட்டும் அறிந்த வண்டி.

"இங்கே?" என்றேன்.
மரத்தடி. பிசின் சொட்டுமாம்.
"இங்கே?"
மீன்கடை. கடற்காகத்தின் எச்சம்
ஒரே ராத்திரியில் பெயின்ட்டைத் தின்றுவிடுமாம்.
"அந்த ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில்?"
"பைத்தியமா, நெரீனா?
போரா அடித்தால் வரிசையாகச் சாயும்.
கடைசி ஸ்கூட்டர் சாய்வது
நம் கதவில்."

குழந்தை நாற்காலி வைத்த காருக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.
ஒரு கையில் பிள்ளை, மறுகையில் பை,
கதவைத் திறப்பது முழங்கால்.
"நாமும் அப்படித்தானே திறந்தோம்" என்றேன்.
"அதனால்தான் சொல்கிறேன்."

கடைசியில் ஸ்கோர்கோலா மேட்டில்
ஒரு பள்ளிக்கூடத்தின் நெட்டைச் சுவர்.
வடகிழக்கை அது தாங்கும் என்றான்.
சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்தை நடைபாதைப் பக்கம் ஒடித்து,
முதல் கியரில் விட்டு,
டிக்கியிலிருந்து செங்கல் எடுத்து முட்டுக்கொடுத்தான்.
நான்கு முறை இறங்கிப் பார்த்தான்.
பிறகு பானெட்டைத் தூக்கி
டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளிருந்து
கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றிக்
கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தான்.
திருடன் வந்தால் உட்காரலாம். போக முடியாது.
மாத்திரை டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவே
என் கைப்பையில் அது வீட்டுக்கு வந்தது.

இரவு இரண்டு மணிக்குப் போரா இறங்கியது.
இந்த ஊரில் அதை யாரும் காற்று என்று சொல்வதில்லை,
பேர் சொல்லித்தான் திட்டுவோம்.
ஜன்னல் சட்டம் பல்லைக் கடித்தது.
எங்கோ பூந்தொட்டி. எங்கோ நாய்.
கட்டிலில் அவன் பக்கம் குளிர்ந்திருந்தது,
ஆணியில் மேல்கோட்டு இல்லை.

கைப்பை மட்டும் நாற்காலியில் இருந்தது,
ரோட்டரோடு.
எங்கும் ஓடிவிட மாட்டான்.

கம்பியைப் பிடித்துப் பிடித்து மேடேறினேன்.
சுவரோரம் வண்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் இருக்கையில் தொப்பியோடு துல்லியோ.
நான் மறைவுப் பக்கம் வரும்வரை காத்திருந்து
சாணளவு கதவைத் திறந்தான்.
உடம்பைக் கோணலாக்கி நுழைந்தேன்.

"என்ன செய்கிறாய்?"
"கனம் சேர்க்கிறேன்."

வண்டி தொள்ளாயிரம் கிலோ.
அவன் எழுபத்திரண்டு.
என் கணக்கை நான் சொல்லவில்லை.
ஆனால் உட்கார்ந்ததும்
ஸ்பிரிங் ஒரு சத்தம் போட்டது,
ஆட்டம் கொஞ்சம் குறைந்தது.
அவன் நாகரிகமாகக் கண்ணாடியைத் துடைத்தான்.

மேலே, தெரு வளையும் இடத்தில்,
சக்கரம் வைத்த குப்பைத்தொட்டி ஒன்று கிளம்பியது.
மூடி அடித்துக்கொள்ள, யாரையோ தேடுவதுபோல
அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது.
துல்லியோ மூச்சை இழுத்துப் பிடித்தான்.
எங்கள் கதவை ஒரு முழம் விலகிக் கடந்து
எதிரே காலியாக இருந்த கட்டத்தில்
வெள்ளைக்கோட்டுக்குள் நேராகப் போய்
நின்றது.

வெகுநேரம் அதைப் பார்த்திருந்தான்.
"நல்ல இடம்" என்றான்.