எடைச்சீட்டில் ஏறாதது

"உப்பில்லாதது. ஞாபகம் இருக்கட்டும்"
என்றாள் மங்களேஸ்வரி,
இரவு வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறும்போது.
போன தீபாவளிக்கு நான் வாங்கிய கட்டி
முறுக்கைக் கல்லாக்கிவிட்டது.
அவள் லைன் லீடர் ஆ லெங்
ஒரு டின் காசு கொடுத்து வாங்கி
ஒன்றைக் கடித்து
மூடியைச் சிரித்தபடி மூடினாள்.
அந்தச் சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டில்தான்
வாடகை தராமல் இருக்கிறது.

பாடாங் செராய் கடைத்தெருவில்
குளிர்பெட்டிக் கதவைப் பிடித்தபடி
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் படித்தேன்.
முன்பக்கம் பசு, புல்வெளி, பனிமலை.
பின்பக்கம் எறும்பெழுத்தில்
செம்பனை எண்ணெய்.
செவ்வாய்க்கிழமை நான்தான் ஏற்றிப்போனேன்,
உள்ளங்கையில் முள் குத்த,
பதினாலு டன் குலை.
என் சுமையே வேஷம் கட்டிக்கொண்டு
பசு மாதிரி என்னைப் பார்க்கிறது.

அசலும் இருந்தது. கப்பலில் வந்தது.
விலையைப் படித்தேன்.
"கதவைச் சாத்துங்கண்ணே, குளிர் போகுது"
என்றது கல்லாப் பக்கம்.

சொக்கனிடம் பதினோரு மாடு,
செம்பனை நிழலில் மேய்பவை.
மாதக் கடைசிக்குள் அப்புறப்படுத்து என்று
கம்பெனி கொடுத்த கடிதம்
அவர் சட்டைப்பையில் வியர்வையில் ஊறுகிறது.
"மாட்டுக்குப் படிச்சுக் காட்டினேன்.
மென்னுகிட்டே கேட்டுச்சு."

தினம் ஒரு லிட்டர்.
காய்ச்சி, ஆறவிட்டு,
மேலே படரும் ஆடையை வழித்து
ஒன்பது நாள் குளிரில் சேர்த்தேன்.
கடைசி நாள் ஒரு கரண்டி தயிர்,
ஒரு ராத்திரி வெளியே.
காலையில் மூடியைத் திறந்தால்
மூக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு.

பாதியை மிக்சியில் அடித்தேன்.
மோட்டார் சூட்டில் கிரீசாய் இளகியது.
லாரி அச்சுக்குப் பூசலாம்.
மீதியை என்ன செய்ய என்று யோசிக்கையில்
இரண்டாவது லோடு நேரமாகிவிட்டது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிவரை ஊற்றி
ஐஸ் பெட்டிக்குள் படுக்கவைத்து
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டேன்.
பதினாலாம் பிளாக்கின் செம்மண் ரோடு
என் முதுகெலும்பை எட்டு வருஷமாய்க் கடைகிறது.
இன்றைக்காவது
உருப்படியாய் எதையாவது கடையட்டும்.

முதலில் களக் களக்.
பாலம் வருமுன் சத்தம் அடைத்துப்போனது,
தொண்டை கட்டியதுபோல.
கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.
பாலம் தாண்டிய பெரிய பள்ளத்தில்
தொப்.
பிறகு தண்ணீருக்குள்
ஏதோ ஒன்று புரண்டு புரண்டு படுத்தது.

ஆலையில் எடைமேடை ஏறினேன்.
கிராணி சீட்டை நீட்டினான்:
பதிமூன்று டன், அறுநூற்று நாற்பது.
"பாட்டில்ல என்னாண்ணே?"
"வெண்ணெய்."
அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு வந்தவள்
பையைக்கூட வைக்காமல் கையை விட்டாள்.
எட்டு மணி நேரம் ரப்பர் கையுறையில்
ஊசித்துளை தேடிய விரல்கள்.
உருண்டையை அமுக்கினாள்.
எனக்குத் தெரியாத இடத்திலிருந்து
மோர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.
"இன்னும் ரெண்டு தண்ணி.
இது உள்ள இருந்தா நாளைக்கே நாறும்."
ஐஸ் தண்ணீரில் அலசினாள்,
பாத்திரத்தின் அடி தெரியும்வரை.

துளியை வாணலியில் போட்டாள்.
முதலில் சடசட, பிறகு நுரை,
நுரை அடங்கியதும்
வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம்
கதவு திறந்து பக்கத்து வீடுவரை போனது.
ஆ லெங் சிரிப்பு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

தராசில் நூற்றுப் பத்து கிராம்.
"ஒன்றரைக் கிலோ வேணும்" என்று சொல்லிவிட்டு
நின்றபடியே மோரைக் குடித்தாள்.
மேலுதட்டில் வெள்ளைக் கோட்டோடு
தூங்கிப்போனாள்.

தீபாவளிக்கு நாற்பது நாள்.
மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு.
கணக்குப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்தேன்.
காலிப் பாட்டில்
இருக்கைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது.