பத்து நிமிஷம்

மாரிபோர்.
நம் காதுக்கு அது மழை, அப்புறம் சண்டை.
யெர்னேயாவுக்கு வெறும் ஊர்,
ஆறாம் எண் பஸ்ஸை ஓட்டிச் சம்பளம் வாங்குகிற ஊர்.
நான்காம் மாடியில் அவள் சமையலறை.
அங்கே மிக்ஸர் குழாயிலிருந்து
ஒழுங்கே இல்லாமல் ஒரு சொட்டு.

ஒழுங்காகச் சொட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்,
கடிகாரத்தோடு தூங்குகிறோமே.
இது, அடுத்தது எப்போது என்று
காக்க வைக்கிற சொட்டு.

முதலில் ஒரு நூலைக் கட்டிவிட்டாள்.
குழாய் மூக்கிலிருந்து தொட்டி ஓட்டை வரை
வெள்ளைத் தையல் நூல்.
தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு
சத்தமில்லாமல் இறங்கிப் போனது,
நேரம் கழித்து வீடு வருகிறவன்
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிற மாதிரி.
பதினோரு இரவு.
ஒழுகலை விட்டுவிட்டு
ஓசையை மட்டும் பழுது பார்த்ததில்
கொஞ்சம் பெருமைகூட அவளுக்கு.

பன்னிரண்டாம் நாள் நூல்
சுண்ணாம்பேறி விறைத்துக்
குச்சியாக நின்றது.
சொட்டு திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை. கடை ஒரு மணிக்கு மூடும்.
தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தாள்.
சூட்டுக்கான வால்வு முனகிக்கொண்டே மூடியது.
குளிருக்கானது, கட்டடம் எழும்பிய நாள் முதல்
யாரும் தொடாதது,
கைப்பிடியை மட்டும் கழற்றி
அவள் கையில் கொடுத்தது.

அதனால் நிலவறை.
சைக்கிள்கள், பனிச்சறுக்குக் கட்டைகள், யாருடையதோ தொட்டில்.
சுவரோரம் இரண்டு பெரிய வால்வுகள்.
எது எதற்கு என்று எழுதியிருந்த பெயிண்ட் உதிர்ந்திருந்தது.
இரண்டையும் மூடினாள்.

எல்லா மாடிக்கும் சேர்த்து மூடியது
ஏறி வரும்போதுதான் உறைத்தது.
மூன்றாம் மாடிக் கதவில் ஷ்தெஃப்கா,
தலை முழுக்க நுரை, ஒரு கண் மட்டும் திறந்து:
"எவ்வளவு நேரம்?"
"பத்து நிமிஷம்."
பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குச் சொல்லும்
அதே பத்து நிமிஷம்.

தொட்டி ஓட்டையில் துணியை அடைத்தாள்.
அதை அடைக்காமல் விட்ட கதை போன வருஷம்.
சிவப்பும் நீலமுமான சின்ன மூடியை நகத்தால் நெம்ப,
உள்ளே இருட்டில் பொட்டளவு திருகாணி.
அதற்கு இரண்டரை மில்லிமீட்டர் அலன் கீ வேண்டும்.
அவளிடம் இரண்டு இருந்தது, மூன்று இருந்தது.

ஐந்தாம் மாடி லுட்விக்,
காபிப் பாத்திரத்தோடு தண்ணீர் கேட்டு வந்தவர்,
விஷயம் புரிந்து, திரும்பிப் போய்
இரண்டரையைக் கொண்டுவந்தார்.
பிறகு போகவில்லை.
டார்ச் பிடித்தார்.
"கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள், மூன்று தடவை.
அவர் நகர்ந்தார், வெளிச்சம் நகரவில்லை.

கார்ட்ரிட்ஜ் வெளியே வந்தது,
உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் பம்பரம்.
அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு பீங்கான் வில்லைகள்.
கண்ணாடி வழவழப்பு.
ஒன்றில் மயிரிழையாக ஒரு கீறல்.
இவ்வளவுதானா.
இந்த வழியாகவா இத்தனை நாள் தூக்கம்
வடிந்து போனது.

கடைக்காரர் ஷட்டரில் கை வைத்துக்கொண்டே கேட்டார்:
"முப்பத்தைந்தா, நாற்பதா?"
அவள் பம்பரத்தை மேஜையில் வைத்தாள்.
பேச மூச்சில்லை.

புதியது உட்கார்ந்தது. திருகினாள்.
லுட்விக் தன் முகத்துக்கு வெளிச்சம் அடித்துச் சிரித்தார்.
நிலவறை. வால்வு. படிகள்.
குழாய் இருமியது, துப்பியது, பழுப்பாக,
பிறகு தெளிந்தது.
மூடியதும் இருவரும் காத்திருந்தார்கள்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள்,
அவருக்குக் காபித் தண்ணீர் ஞாபகம் வரும் வரை.
அவள் பாத்திரத்தை நீட்டி, குளிருக்காக வலப்பக்கம் திருப்பினாள்.
ஆவி பறந்தது.

கார்ட்ரிட்ஜ் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.

கழற்றி மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை.
ஆனால் அதற்கு நிலவறைக்குப் போக வேண்டும்,
போகிற வழியில் மூன்றாம் மாடி இருக்கிறது,
லிஃப்ட்டில் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
"தண்ணீரை மூடுகிறவர்கள் முந்தின நாளே சொல்லவும்.
ஒரு மணி இருபது நிமிஷம். ஷ்தெஃப்கா."

ஆகவே
மூன்று வாரமாக
ஒவ்வொரு காலையும் ஐந்தரை மணிக்கு
அவள் கை பழக்கத்தில் இடப்பக்கம் போகிறது,
பனி உருகிய தண்ணீர் முகத்தில் அறைகிறது,
மாரிபோரின் மொழியில்
ஒரு வார்த்தை சொல்கிறாள்,
வலப்பக்கம் திருப்புகிறாள்,
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.