இரண்டு மில்லிமீட்டர்

கட்டில் அவனுக்குப் போதவில்லை.
கால்மாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
இரண்டு மீட்டர் பதினோரு சென்டிமீட்டர் எய்மந்தஸ்
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து
கூழ் சில்லென்று பட்டதும்
பள்ளிக்கூடத்துப் பையனாய் நெளிந்தான்.

க்ளைப்பேடாவில் ஆகஸ்டுக் கடைசி.
சீசனுக்கு முன்னால்
ஆட்டக்காரர் எல்லோருக்கும் எடுக்கும் படம்தான்.
அவனுக்கு முன் பதினோரு பேர்
சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி போயாயிற்று.
இவனிடம் வந்ததும்
நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.
அதை இவன்தான் முதலில் கவனித்தான்.

இதயத்தின் அறைகளுக்கு நடுவே ஒரு சுவர்.
ஓடி ஆடுகிறவர்களுக்கு அது தடிக்கும்:
பன்னிரண்டு, பதின்மூன்று.
பதினான்கு என்றால் உழைப்பு என்று எழுதலாம்.
பதினாறு என்றால்
வேறு சொல் எழுத வேண்டும்.
திரையில் இரண்டு சிலுவைக் குறி வைத்து
அளப்பது என் வேலை.
சொல்வது என் வேலை இல்லை.

பதினாறு.
மறுபடி. பதினாறு.
மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடி.
பதினாறு புள்ளி இரண்டு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
சுவரே மிஞ்சிப்போனவன்
எதில் வரைவான்?

"அந்தக் குறியைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாமா?"

கெஞ்சவில்லை. காசுப் பேச்சு எடுக்கவில்லை.
ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று
நடுவரிடம் பந்து கேட்கிற குரல்.
பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னான்:
மூன்று வருட ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை கையெழுத்து.
ஒன்பதாம் பிரிவின்படி
மருத்துவச் சான்று இல்லையேல் அது வெறும் தாள்.
முட்டிக்குக் காப்பீடு உண்டு,
கணுக்காலுக்கு, பத்து விரலுக்கும் உண்டு,
நெஞ்சுக்கு இல்லை.
பனெவேஜிஸில் வீடு பாதியில் நிற்கிறது,
கூரை ஏறவில்லை.

இருபத்திரண்டாம் வரிசையில்
எனக்கு வருடச் சீட்டு இருக்கிறது.
ஏப்ரலில், கடைசி நொடியில்,
மூன்று பேர் தலைக்குமேல் அவன் பறித்த பந்துக்குக்
கத்திய கத்தலில்
இரண்டு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மவுஸ்மேல் விரல்.
ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும்.
அந்த மயிரிழையில் ஒரு வீட்டுக் கூரை.
அதே மயிரிழையில்,
ஏதோ ஒரு மூன்றாம் குவார்ட்டரில்,
யாரும் இடிக்காமலே
அவன் தரையில் விழுவது.

சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.

எண் பயணம் போயிற்று.
டாக்டர் ஜிவிலேயிடம்,
அங்கிருந்து கழகத்து மேலாளர் ஸ்கிர்மாந்தஸிடம்,
வில்னியஸில் முகம் தெரியாத ஒரு வக்கீலிடம்.
செய்தித்தாளுக்கு வரும்போது
"தனிப்பட்ட காரணங்கள்" ஆகியிருந்தது.
வெள்ளிக்கிழமை
யாரும் பேனா திறக்கவில்லை.

மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார் டாக்டர்.
உழைப்பில் தடித்தது ஓய்வில் இளைக்கும்,
நோயில் தடித்தது இளைக்காது.
அக்டோபரில் படகிலிருந்து பார்த்தேன்:
கடற்சுவர்மேல் மெல்ல, மிக மெல்ல நடந்துகொண்டிருந்தான்.
கைத்தடி ஊன்றிய இரண்டு கிழவிகள்
பேச்சை நிறுத்தாமலே
அவனைத் தாண்டிப் போனார்கள்.

அவன் இடத்துக்கு ஜார்ஜியாவிலிருந்து ஒருவனை
பத்தே நாளில் பிடித்துவிட்டார்கள்.
நன்றாகத்தான் ஆடுகிறான்.
நானும் கைதட்டினேன், பொய் சொல்வானேன்.

டிசம்பர். கண்ணாடியில் பனி.
உள்ளே வந்தவன்
நாற்காலியைத் தானே இழுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டான்.
எட்டு கிலோ இளைத்திருந்தான்.
உள்ளே இளைக்க வேண்டியது மட்டும்
அப்படியே.
மூன்று மாதத்தில் திரையைப் படிக்கக் கற்றிருந்தான் போல.
நான் குறி வைக்குமுன்
"பதினாறு" என்றான்,
சொல்வது என் வேலை இல்லை என்று தெரிந்தவனாய்.

கூழ் துடைக்க இரண்டு தாள் போதவில்லை.
மூன்றாவதை நீட்டினேன்.
"கூரைக்கு ஓடு நானே ஏற்றலாமா?"
"அதை டாக்டரிடம் கேளுங்கள்" என்றேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டான்.
நாற்காலியைத் தூக்கிச்
சுவரோரம் வைத்துவிட்டுப்
போனான்.