இரண்டு படி

புது ஷாக் ஜோடி ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
அந்தக் கிழட்டு ராட்சத மோட்டாரே
இரண்டாயிரத்துக்கு வாங்கியது.
பீடோர் பழைய இரும்புக் கடையில்
போலீஸ் மோட்டாரிலிருந்து கழற்றியது, நூற்றிருபது.
நீளம் சரி. கண்துளைதான் பெருசு.
செம்பனை ஆலைக் கடைசல்காரனிடம்
பித்தளையில் புஷ் போட்டு வந்தான் தவனேசன்.
கூலி, ஒரு பொட்டலம் மீஹூன்.

ஸ்பிரிங் இறுக்கும் முன் கேட்டான்:
"உன் எடை?"
"ஐம்பத்தெட்டு."
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

ஞாயிறு இரவு
குலை லோரிகள் தோண்டிவைத்த வளைவில்
டங்.
என் முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிட்டது.
ஓரங்கட்டி, எண்ணெய் கசிகிறதா என்று
டார்ச் அடித்தான். கசியவில்லை.
கடைக்காரனை வைதான்.
கொசு பிடுங்கியது. கொஞ்சம் பொறுத்தேன்.

"அறுபத்தேழு."

ஒன்றும் பேசாமல்
கொக்கி ஸ்பேனரை எடுத்து
இரண்டு படி ஏற்றினான்.