பதினான்காம் பிரிவு

மொண்டேவிடியோவில் ஜூலை மாதக் குளிர்.
கூட்டம் நான்காம் மாடியில்.
லிஃப்ட் ஓடவில்லை.
சொல்லப்போனால், ஒப்பந்தம் எங்களைத் தேடி வந்ததே
அந்த லிஃப்டால்தான்.

லிஃப்டுக்கே காசில்லாத நூலகத்திடம்
நாலு லட்சம் புத்தகத்தையும் படமெடுத்துத் தருகிறோம்,
சல்லிக்காசு வேண்டாம் என்று சொல்ல
கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.
நல்ல மனிதர்தான்.
மாத்தே பானத்தை நீட்டியபோது
உறிஞ்சுகுழலைக் கரண்டி என்று நினைத்துக் கலக்கிவிட்டார்.
இந்த ஊரில் அது பெரிய அபசாரம்.
யாரும் வாய் திறக்கவில்லை.

நான் அடுக்குபவன்.
பத்தொன்பது வருடமாகப் புத்தகங்களை
எடுத்த இடத்தில் திரும்ப வைப்பவன்.
குழுவில் ஊழியர் தரப்புக்கு ஓர் ஓட்டு உண்டு;
சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்தது.

செய்தித்தாள் பிரிவின் வாஷிங்டன் எச்சேவெரி
பழைய கட்டு ஒன்றைச் சுமந்து வந்து
மேசையில் பொத்தென்று போட்டார்.
காகிதம் பிஸ்கட்டாய் நொறுங்கிச்
சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பறந்தது.
"நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்" என்றார்.
"இதோ, ஒரு செவ்வாய்க்கிழமை போயே போய்விட்டது."

நேலிதா ஒடிசியோ சட்டம் படித்தவள்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
பதினான்காம் பிரிவைப் படித்தாள்:
நூலகத்துக்கு ஒரு பிரதி உண்டு.
அதை வேறெந்த நூலகத்துக்கும் தரக்கூடாது,
இருபது வருடம்.
எழுத்துகளை நிறுவனம் தன் இயந்திரங்களுக்கு ஊட்டலாம்,
என்றைக்கும்.
'என்றைக்கும்' மட்டும் இரண்டு தடவை படித்தாள்.
"வாளி கொண்டுவந்தவன் பேருக்கு
கிணற்றை எழுதிக் கொடுப்பீர்களா?"

"கிணறே சரிந்துகொண்டிருக்கிறது, அம்மணி"
என்றார் வாஷிங்டன்.

மாதிரிக்கு ஒரு நூல் திரையில் வந்தது.
கம்பளி வியாபாரி ஒருவரின் கணக்கு.
எங்கள் மொழியில் 'ஆண்டு' என்ற சொல்லில்
ஓர் எழுத்தின் தலையில் சின்ன அலை உண்டு.
அதைத் தூசி என்று துடைத்திருந்தது இயந்திரம்.
அலை போனால் அந்தச் சொல்
நாம் உட்காரும் இடத்தின் நட்டநடுவைக் குறிக்கும்.
அது கெட்ட போதிலும் லாபம் திருப்தி என்று
பக்கம் பக்கமாக எழுதியிருந்தார் வியாபாரி.
நேலிதாவுக்குக் கண்ணில் நீர் வர, எல்லோரும் சிரித்தோம்.
வந்தவருக்கு விளக்கிச் சொல்ல ஆளில்லை.

என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.
ஆர்த்திகாஸ் ஊரிலிருந்து, எட்டு மணி நேர பஸ் தூரம்.
பால் பண்ணையில் இரவு வேலை பார்க்கும் ஒருத்தி,
இறைச்சி ஆலை வேலைநிறுத்தத்தில்
வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டிருந்தாள்.
விதியை மீறிக் கைபேசியில் பிடித்து அனுப்பினேன்.
பதில்:
'நன்றி. உங்கள் கட்டைவிரல் கடைசிப் பெயரை மறைக்கிறது.
எங்களுடையது கடைசிப் பெயராக இருக்கலாம்.'

அதை வாசித்துக் காட்ட நினைத்தேன்.
காட்டவில்லை.
யார் பக்கம் பேசும் கடிதம் அது
என்று எனக்கே பிடிபடவில்லை.

வந்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்:
இருபது வருடம் கழித்து, இருபத்தோராம் வருடம்,
பண்ணைக்காரி ஒருத்திக்கு அந்தப் பக்கம் சும்மா கிடைக்குமா?
கொஞ்சம் யோசித்தார்.
"உண்மையைச் சொன்னால்,
அப்போது நான் அந்த நிறுவனத்தில் இருக்க மாட்டேன்."
நானும் இங்கே இருக்க மாட்டேன் என்றேன்.
அந்த ஒரு கணம்
எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது.

நாலுக்கு நாலு.
மீதி என் ஓட்டு.
கூட்டக் குறிப்பில் இப்படி இருக்கிறது:
'ஊழியர் தரப்பு தண்ணீர் கேட்டார். பிறகு எதிர்த்தார்.'

நேலிதா கை குலுக்கினாள்.
வாஷிங்டன் கட்டைச் சணல் போட்டுக் கட்டி,
என்னைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

நான்கு மாடி இறங்கி,
வாசலில் கோட்டை மாட்டும்போது பார்த்தேன்:
என் சட்டைக் கையெல்லாம்
அந்தச் செவ்வாய்க்கிழமை.